காரைப் பூட்ட வார்டனுக்கு அதிகாரம் உண்டா?

செந்தூல்காரன்:
நம் கோலாலம்பூரில் சாலையோரம் நிற்கும் வண்டிக்கு மாநகர் மன்றத்தின் டிராபிக் வார்டன் சம்மன் (அபராதச் சீட்டு) எழுதட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி நகராதபடி சக்கரத்தில் கிளாம்ப் போட்டுப் பூட்டுவதும் இழுத்துக்கொண்டு போவதும் போலீஸ் வேலை. வார்டன் போலீஸ் இல்லையே?

பங்சார் அக்கா:
தம்பி, மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம், 48ஆவது பிரிவைப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி சாலையில் வண்டியை விடுவது குற்றம். அந்த வண்டியைப் பூட்டவும் அகற்றவும் போலீஸுக்கு மட்டுமல்ல, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரிக்கும் டிராபிக் வார்டனுக்கும் அதிகாரம் இருக்கிறது. வார்டன் முறைப்படி நியமிக்கப்பட்டவர். கை காட்டிக் காசு கேட்கும் ஜாகா கார் பையனோடு சேர்க்காதீர்கள்.

செந்தூல்காரன்:
சரி அக்கா, பிரிவு இருக்கட்டும். இடைஞ்சல் என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் பூட்டினால் இடைஞ்சல் தீருமா, கூடுமா? வாழையிலைச் சாப்பாடு பொட்டலம் கட்டப் போனவன் கொஞ்ச நேரத்தில் தானே எடுத்திருப்பான். பூட்டிய பிறகு பணம் கட்டி, ஆள் வந்து திறக்கும்வரை வண்டி அங்கேயே கிடக்கும். இதற்குப் பெயர் வசூல்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
அண்ணே, அந்தக் "கொஞ்ச நேரம்" எங்கள் ஏரியாவில் என்ன செய்கிறது தெரியுமா? பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் காலால் தடவி நடக்கத்தான் நடைபாதையில் மேடு வைத்த மஞ்சள் கல் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் முன்சக்கரத்தை ஏற்றிவிட்டு, இரண்டு பக்க சிக்னலையும் போட்டுவிட்டு இறங்கிப் போகிறார்கள். கைத்தடி பம்பரில் தட்டியதும் ஒரு பெரியவர் பஸ் வரும் பக்கம் இறங்கிச் சுற்றிப் போனதைப் பார்த்தேன். சிக்னல் போட்டால் குற்றம் இல்லை என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

செந்தூல்காரன்:
அந்த மாதிரி வண்டியை இழுத்துப் போங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? பூட்டுவதைத்தான் கேட்கிறேன்.

கெப்போங் ராசா:
நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் கொண்டோ அடுக்குமாடியில் ஜாகா, அதாவது காவலாளி, வண்டியைப் பூட்டுகிறாரே, அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பங்சார் அக்கா:
அது வேறு சட்டம். 2015 அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, வளாகத்துக்குள் தாறுமாறாக நிறுத்திய வண்டியை நிர்வாகம் முன்னறிவிப்பு இல்லாமலே பூட்டலாம், இழுக்கலாம். செலவு வண்டிக்காரர் தலையில். கேட்டைத் தாண்டிப் பொதுச் சாலைக்கு வந்துவிட்டால் ஜாகாவுக்கு அந்த அதிகாரம் கிடையாது. செந்தூல் தம்பி, உங்கள் கேள்விக்கும் வருகிறேன். போக்குவரத்தை மறித்தால் இழு, சும்மா மஞ்சள் கோட்டில் ஒதுங்கி நின்றால் பூட்டு. எது என்பதை அங்கே நிற்கும் அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும்.

செந்தூல்காரன்:
அந்த முடிவில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை அக்கா. பார்க்கிங் கட்டத்தில் கடைக்காரர் நாற்காலி போட்டு இடம் பிடிக்கிறாரே, அதுவும் பொதுச் சாலைதானே?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
அதுவும் குற்றம்தான், 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் இருக்கிறது. நாற்காலியைப் படம் பிடித்துப் புகார் கொடுங்கள் அண்ணே, நானும் கொடுக்கிறேன்.