மண்டப லைட்டில் முகம் ஆரஞ்சு, மணவறை மெஜந்தா: முகூர்த்தத்தை எப்படிச் சமாளிப்பது?

கீழவாசல்_கேமரா:
ஆவணியில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். திருப்பரங்குன்றம் ரோட்டில் மண்டபம், முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. போட்டோவுக்குத் தனியாக ஆள் பேசியாச்சு. நான் ஓரமாக நின்று பழகத்தான் போகிறேன். கையில் கிராப் சென்சார் கேமரா, 18-55 கிட் லென்ஸ், 50 எம்எம் எஃப் 1.8, தலை திரும்பும் ஃபிளாஷ் ஒன்று. அதே மண்டபத்தில் ஒரு வளைகாப்பில் எடுத்துப் பார்த்தால் முகமெல்லாம் ஆரஞ்சு, மணவறைப் பக்கம் மெஜந்தா, சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை. ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்துப் பின்னால் ஒரே இருட்டு. எதை முதலில் சரி செய்ய, அண்ணன்மாரே?

தெப்பக்குளம்50:
முதலில் அந்தப் பட்டை. சைலண்ட் ஷட்டர் போட்டிருப்பீர்கள், அதை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/100 விநாடியில் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைக்கும். 1/250-க்குப் போனால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் (துடிப்புக்கு ஏற்ப ஷட்டரை விடும் வசதி) இருந்தால் போட்டுவிடுங்கள்; ஆனால் டிம்மர் போட்ட பார் லைட் (மேடை அலங்காரத்துக்கு வைக்கும் கலர் எல்இடி விளக்கு) வேறு வேகத்தில் துடிக்கும், அதற்கு இது உதவாது.

கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் எஃப் 5.6 தான் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). 50 எம்எம்-ஐ எஃப் 2.8-ல் வைத்தால், கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 6400 கேட்கும் இடத்தில் 1600 போதும். கிட் லென்ஸைக் குடும்பக் குரூப் படத்துக்கு, ஃபிளாஷோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இருட்டடிப்பதற்குக் காரணம் வரிசை மாறிப்போவது. மேனுவலில் 1/100, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் மணவறையை ஒரு படம் எடுங்கள். அது ஒரு ஸ்டாப் (பாதி வெளிச்சம்) குறைவாகத் தெரிய வேண்டும்; அதுவரை ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்குங்கள். அதற்குப் பிறகுதான் ஃபிளாஷ். ஃபிளாஷ் வேலை முகத்தைத் தூக்கிவிடுவது மட்டும். மண்டபத்துக்கே வெளிச்சம் போடுவது இல்லை. டிடிஎல் (ஃபிளாஷ் அளவைக் கேமராவே முடிவு செய்யும் முறை) வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்தால் பயந்து குறைத்துவிடும், அரக்குப் பட்டைப் பார்த்தால் கூட்டி அடித்துவிடும். ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்றால் ஃபிளாஷும் மேனுவல், 1/8 பவரில் தொடங்குங்கள்.

பார்லைட்_பகை:
நிறம் பற்றி. மணவறையில் மஞ்சள் எல்இடி சுமார் 3000 கெல்வின், ஃபிளாஷ் 5500 (எண் குறைந்தால் ஒளி மஞ்சள், கூடினால் நீலம்). இரண்டும் கலந்தால் ஒயிட் பேலன்ஸ் (எந்த ஒளியை வெள்ளையாக எடுப்பது என்ற செட்டிங்) எங்கே வைத்தாலும் ஒன்று கெடும். ஃபிளாஷ் வாயில் முழு சிடிஓ ஜெல் (ஒளியை மஞ்சளாக்கும் ஆரஞ்சுத் தாள்) ஒட்டி, கேமராவை 3200-ல் வையுங்கள். முக்கால் ஸ்டாப் வெளிச்சம் போகும், பவரைக் கூட்டிச் சரிசெய்யலாம். பின்னணி கொஞ்சம் மஞ்சளாக, மங்கலகரமாக இருக்கட்டும் என்றால் பாதி சிடிஓ போட்டு 3700 பக்கம்.

மெஜந்தா வேறு கதை. பார் லைட்டில் சிவப்பும் நீலமும் மட்டும் எரியும்போது பச்சை ஒளியே கிடையாது. ராவில் (கேமராவின் மூலக் கோப்பில்) எடுத்தாலும் இல்லாத நிறத்தை லைட்ரூம் மென்பொருள் கொண்டுவராது. ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் தோல் பிளாஸ்டிக் போல ஆகிவிடும். ஒரு ஸ்டாப் குறைத்தாவது எடுங்கள். நல்ல வழி, 5.30-க்கே போய் டெக்கரேஷன்காரரிடம் "முகூர்த்தம் முடியும் வரைக்கும் பார் லைட்டை வார்ம் ஒயிட்ல வச்சிருங்கண்ணே" என்று கேட்பது. பெரும்பாலும் வைத்துத் தருவார்கள். ரிசப்ஷனுக்கு இதைக் கேட்டால் நடக்காது.

ஒளிவட்டம்:
ஜெல் ஒட்டும் முன் வீடியோக்காரரைப் பாருங்கள். அவர் எல்இடி பேனலை 5600-ல் வைத்து முகத்துக்கு நேரே அடிக்கிறார் என்றால் உங்கள் சிடிஓ ஃபிளாஷ் அதோடு சண்டை போடும். அப்போது ஜெல்லை எடுத்துவிட்டு அவர் லைட்டையே மெயினாக எடுத்துக்கொள்ளலாம், பக்கவாட்டில் நின்றால் முகத்தில் நல்ல நிழலும் விழும். அதோடு, ஆவணியில் ஆறே கால் ஆனதும் வாசல் வழியாக நீல வெளிச்சம் உள்ளே வரும். வாசலுக்குப் பக்கவாட்டில் நிற்கும் சொந்தக்காரர்களின் முகம் ஒரு பக்கம் நீலமாகும்.

கீழவாசல்_கேமரா:
நன்றி. சீலிங் உயரம், அதிலும் சிவப்பு மஞ்சள் துணி கட்டியிருக்கிறார்கள். பவுன்ஸ் (ஃபிளாஷை வேறு பரப்பில் அடித்துத் திருப்புவது) எங்கே அடிப்பது? ஹோமப் புகையில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடுவதற்கு என்ன வழி?

தெப்பக்குளம்50:
அந்தச் சீலிங்கில் அடித்தால் துணியின் நிறம் அப்படியே முகத்தில் இறங்கும். தலையைப் பக்கவாட்டில் திருப்பி வெள்ளைச் சுவரில் அடியுங்கள். சுவரும் இல்லையென்றால் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டால் ஃபிளாஷ் தலையின் பின்பக்கம் கட்டி, தலையை நிமிர்த்தி அடியுங்கள். கோயில் முன்மண்டபத்தில் வைக்கும் கல்யாணங்களுக்கும் இதுதான். கருங்கல் தூணில் பவுன்ஸ் எடுபடாது.

புகை வரும்போது கேமரா மேலேயே இருக்கும் ஃபிளாஷை அணையுங்கள், நேராக அடித்தால் புகைதான் வெள்ளைத் திரையாக விழும். ஃபோகஸுக்கு நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து நெற்றிச்சுட்டி ஓரத்தில் பிடியுங்கள். பிடித்ததும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள், உட்கார்ந்திருப்பவர்கள் நகரப்போவதில்லை. இரண்டரை மீட்டரில் 50 எம்எம், எஃப் 2.8-க்குத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 25 செ.மீ. தான். தாலி கட்டும்போது மாப்பிள்ளை எழுந்து சாய்வார், இரண்டு முகமும் ஒரே ஆழத்தில் இருக்காது. அதற்கு எஃப் 4, ஐஎஸ்ஓ 3200.

பார்லைட்_பகை:
தாலி நேரத்துக்கு: முன்பக்கம் மெயின் போட்டோகிராபருக்கும் வீடியோவுக்கும். இடித்துக்கொண்டு அங்கே நிற்காதீர்கள், அவர் படத்தில் உங்கள் முதுகுதான் விழும். பெண்ணுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்றால் முடிச்சும், மீதி முடிச்சைப் போடும் நாத்தனார் கையும் உங்களுக்கு மட்டும் கிடைக்கும். ஐயர் "கெட்டிமேளம்" என்று கை தூக்கும்போதே ஷட்டரைப் பாதி அழுத்தியிருக்க வேண்டும்.

ஃபிளாஷில் அல்கலைன் பேட்டரி வேண்டாம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு நாலு, மாற்று நாலு. முழு பவரில் அடித்தால் திரும்ப நிரம்ப சில விநாடி ஆகும், அதற்குள் மூன்று முடிச்சும் விழுந்திருக்கும். 1/8-ல் அடித்தால் அடுத்தடுத்து நாலைந்து படம் வரும். அட்சதை 1/100-ல் கோடு கோடாகத்தான் விழும். ஃபிளாஷ் எட்டும் தூரத்தில் விழுவது மட்டும் கொஞ்சம் நின்று தெரியும்.