முடிவிலியில் பெரிசு, சின்னது எப்படி?

கேள்வி:
பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டேன். 1, 2, 3-க்கு முடிவில்லை, 0-க்கும் 1-க்கும் நடுவே உள்ள தசமங்களுக்கும் முடிவில்லை. ஆனால் தசமங்கள்தான் அதிகம் என்று எங்கோ படித்ததை உளறிவிட்டேன். "எண்ணியே முடியாததை எப்படி ஒப்பிட்டார்கள்?" என்று விடமாட்டேன் என்கிறான். சூத்திரம் இல்லாமல் யாராவது விளக்குங்களேன்.

பதில்:
எண்ணவே வேண்டாம், ஜோடி சேர்த்தால் போதும். நாற்காலிக்கு ஒருவர் உட்கார்ந்து, ஆளும் மிஞ்சவில்லை, நாற்காலியும் மிஞ்சவில்லை என்றால் இரண்டும் சமம். கேன்டர் என்ற கணித மேதை இதைத்தான் முடிவிலிக்கும் வைத்துப் பார்த்தார். 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6... இரட்டை எண்கள் பாதிதானே என்று தோன்றும், எதுவும் மிஞ்சாது. சமம்! பின்னங்களைக்கூட இப்படி வரிசையில் நிறுத்திவிடலாம்.

தசமம்தான் அடங்காது. எல்லாவற்றையும் வரிசைப்படுத்திவிட்டேன் என்று ஒருவர் பட்டியல் நீட்டுகிறார்:

0.4719...
0.3552...
0.8886...
0.1237...

முதல் வரியில் முதல் இலக்கம், இரண்டாவதில் இரண்டாவது என்று குறுக்கே இறங்குங்கள்: 4, 5, 8, 7. 5 வந்தால் 6 போடுங்கள், வேறு எது வந்தாலும் 5. கிடைப்பது 0.5655... இது எந்த வரியிலும் இருக்காது. நூறாவது வரியில் இருக்கிறது என்பீர்களா? நூறாவது இலக்கம் இடிக்கும். ஆக, 1, 2, 3 என்று எப்படி ஜோடி சேர்த்தாலும் ஒரு தசமமாவது மிஞ்சும்; அதனால்தான் தசமங்கள் அதிகம். 1891-ல் கேன்டர் சொன்ன வழி இது. முதன்முதலில் பார்த்தபோது ஏதோ கண்கட்டு வித்தை என்றுதான் நினைத்தேன்.

கேட்டவர்:
விட்டுப்போனதைப் பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டால் என்ன என்கிறான். இதே வித்தை முழு எண்களுக்கு ஏன் பலிக்காது என்றும் கேட்கிறான்.

பதில்:
தாராளமாகச் சேர்க்கட்டும். புதுப் பட்டியலிலும் குறுக்கே இறங்கினால் இன்னொன்று விட்டுப்போயிருக்கும். இரண்டாவது கேள்விக்காக அவனைத் தட்டிக்கொடுங்கள், நான் கேட்கத் தவறியது அது. முழு எண்ணில் இலக்கங்கள் எங்காவது நின்றாக வேண்டும். குறுக்கே இறங்கினால் வருவதோ நிற்காமல் நீளும் இலக்க வரிசை; அது முழு எண்ணே இல்லை.

இன்னொருவர்:
இந்த இரண்டு முடிவிலிக்கும் நடுவில் வேறொன்று உண்டா என்று அடுத்துக் கேட்பான், தயாராக இருங்கள். இல்லை என்றே கேன்டர் நம்பினார், நிரூபிக்க முடியவில்லை. இன்றைய கணக் கோட்பாட்டின் (தொகுப்புகளைப் பற்றிய கணிதத்தின்) வழக்கமான அடிப்படை விதிகளை வைத்து உண்டு என்றும் நிறுவ முடியாது, இல்லை என்றும் நிறுவ முடியாது. முதல் பாதியை கேடல் என்ற கணிதவியலாளர் 1940-க்குள் காட்டிவிட்டார், மறுபாதியை 1963-ல் பால் கோஹன் என்ற இன்னொரு கணிதவியலாளர்.

கேட்டவர்:
கேட்டுவிட்டான். சாப்பிடும்போதே.