விபத்து வழக்கில் சாட்சி சொல்ல சம்மன் வந்திருக்கிறது, கோர்ட்டில் என்ன நடக்கும்?

பஞ்சர்கடை_கொட்டாம்பட்டி:
வணக்கம். மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையில் கொட்டாம்பட்டி பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். 2023 கார்த்திகை மாதம் கடைக்கு எதிரே ஒரு வேன் டூவீலரை அடித்துவிட்டது. ஓடிப்போய்த் தூக்கியதும் 108-க்கு போன் போட்டதும் நான்தான். ஆள் பிழைக்கவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது பார்த்ததைச் சொன்னேன். இப்போது மேலூர் கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஏட்டு சம்மன் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். அடுத்த வியாழன், காலை பத்தரை மணி. நான் கோர்ட்டுப் படி ஏறியதே இல்லை. வக்கீல் வைக்க வேண்டுமா? போகாவிட்டால் என்ன ஆகும்?

இன்னொன்று. வேன்காரர் தரப்பில் ஒருவர் கடைக்கு வந்து, "அந்தக் குடும்பத்தோட பேசி முடிச்சாச்சுண்ணே, சரியா பாக்கலைன்னு சொல்லிடுங்க" என்கிறார். இறந்தவருக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

சேகர்_திண்டுக்கல்:
அண்ணே, சம்மனில் கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சு, போகாமல் மட்டும் இருந்துவிடாதீங்க. சாட்சிக்கும் வாரண்ட் போடலாம், அபராதமும் உண்டு. ஒரே நாளில் முடியும் என்று எண்ணிப் போகாதீங்க. வாய்தா வாங்கினால் இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும்.

பழைய_பெஞ்ச்கிளார்க்:
தம்பி, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒன்று: நீங்கள் குற்றவாளி இல்லை, சாட்சி. உங்களுக்கு வக்கீல் தேவையில்லை. அரசுத் தரப்பில் வழக்கை நடத்துவது ஏ.பி.பி., அதாவது உதவி அரசு வழக்கறிஞர். அவருக்கோ போலீசுக்கோ நீங்கள் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

பத்து மணிக்கே போய்விடுங்கள். சம்மனையும் ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய வழக்குப் பட்டியல் வெளியே ஒட்டியிருக்கும். உங்கள் ஸ்டேஷனின் கோர்ட் போலீசைப் பார்த்தால் ஏ.பி.பி.யிடம் கூட்டிப்போவார். நீங்கள் அன்று போலீசில் சொன்னதாக எழுதப்பட்டிருப்பதை அவர் படித்துக் காட்டுவார். கவனமாகக் கேளுங்கள். நீங்கள் சொல்லாத எதுவும் அதில் இருந்தால், "இது நான் சொல்லலைங்க" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். போலீஸ் எழுதும் அந்த வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்பதே சட்டம். அதனால் அதில் உள்ள வரிகளுக்கு நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை.

போனை அணைத்துவிட்டு வெளியே உட்காருங்கள். மற்ற சாட்சிகள் பேசும்போது உள்ளே இருக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் போய்க் கூண்டில் ஏறி நீதிபதிக்கு ஒரு வணக்கம் வையுங்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், விருப்பமில்லை என்றால் மனசாட்சிப்படி உறுதிமொழியும் சொல்லலாம். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்பு.

அப்புறம் முதல் விசாரணை, ஏ.பி.பி. கேட்பார். இங்கேதான் பல வழக்குகள் விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாட்சி "வேன் ரொம்ப வேகமா வந்துச்சு" என்று சொல்லி நிறுத்திவிடுவார். வேகம் என்ற ஒரு சொல்லை வைத்து அஜாக்கிரதையை முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே கர்நாடக வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. வேன் எந்தப் பக்கம் வந்தது, எதையாவது முந்தியதா, ஹாரன் சத்தம் கேட்டதா, டூவீலரின் எந்தப் பகுதியில் அடித்தது, அடித்தபின் எவ்வளவு தூரம் தள்ளி நின்றது, நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்? இவற்றில் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். சத்தம் கேட்டுத்தான் திரும்பினீர்கள் என்றால் அதையே சொல்லுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்க அந்த இடத்திலேயே இல்ல, போலீஸ் சொல்லிக்கொடுத்ததைச் சொல்றீங்க" என்பார். கோபம் வேண்டாம், அது அவர் வேலை. "சரியல்ல" என்று சொன்னால் போதும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மறந்து போனதை "ஞாபகமில்லை" என்று சொல்வதில் குற்றமே இல்லை. மூன்று வருஷம் போய்விட்டது என்பது நீதிபதிக்கும் தெரியும். அவமானப்படுத்துவதற்காகவே கேட்கும் கேள்வியை நீதிபதி தடுக்கலாம், அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். எல்லாம் தமிழில்தான் நடக்கும். சாட்சியத்தைப் பதிவு செய்ததும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, அதன்பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வழக்கறிஞர்_கிருத்திகா:
ஐயா முழுதாகச் சொல்லிவிட்டார். கடைக்கு வந்த ஆள் விஷயம் மட்டும் நான் சொல்கிறேன் அண்ணா. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கான இந்த 304ஏ (இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு) வழக்கு சமரசத்துக்கு உரியதே இல்லை. குடும்பத்துடன் பேசிவிட்டோம் என்றாலும் வழக்கு அதனால் முடியாது. பிள்ளைகளுக்கான இழப்பீடு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தனியாக நடக்கும். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று கூண்டில் சொன்னால் பொய் சாட்சி, ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம். அவருக்காக நீங்கள் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

அவர் மறுபடி வந்தால் தேதி, நேரம், என்ன பேசினார் என்று எழுதி வையுங்கள். கெஞ்சல் மிரட்டலாக மாறினால் உடனே ஸ்டேஷனில் எழுத்தில் கொடுங்கள், ஏ.பி.பி.யிடமும் சொல்லுங்கள். பொய் சாட்சி சொல்லும்படி மிரட்டுவது தனிக் குற்றம். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்ட அளவில் மனுவும் போடலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

பஞ்சர்கடை_கொட்டாம்பட்டி:
ரொம்ப நன்றி. பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மூட்டுவலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. கடையையும் அன்று பூட்ட வேண்டும்.

பழைய_பெஞ்ச்கிளார்க்:
கூண்டில் ஏறியதுமே நீதிபதியிடம் சொல்லி நாற்காலி கேளுங்கள் தம்பி, தரச்சொல்வார். அரசுத் தரப்பு சாட்சிக்கு வந்து போகும் செலவுக்கு பேட்டா உண்டு, பஸ் டிக்கெட்டை எறிந்துவிடாமல் வைத்திருந்து ஏ.பி.பி.யிடம் கேளுங்கள். அன்று வாய்தா ஆகிவிட்டால் அடுத்த தேதியை எழுதி வாங்காமல் கிளம்ப வேண்டாம். வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செயலியிலும் பார்த்துக்கொள்ளலாம்.