கடை கம்ப்யூட்டருக்கு இன்காக்னிட்டோ போதுமா?

தங்கச்சிமடம் கடை:
பஸ் ஸ்டாப் பக்கம் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நாலு கம்ப்யூட்டர். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாத ஆட்கள் எல்லாம் ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் என்று என் கடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் ஒரு அக்கா மெயிலைப் பார்த்து முடித்து, டேபையும் மூடிவிட்டுத்தான் போனார். அடுத்து உட்கார்ந்த பையன் மெயிலைத் திறந்தால் அக்காவின் இன்பாக்ஸ் அப்படியே வந்து நிற்கிறது! இத்தனைக்கும், பார்த்ததை நினைவில் வைக்காது என்று சொல்கிற இன்காக்னிட்டோ ஜன்னலில்தான் திறந்து கொடுத்திருந்தேன். அது வேலைக்கு ஆகாதா, இல்லை தப்பு என் மேலா?

கச்சான்:
அண்ணே, டேபை மூடினால் போதாது. இன்காக்னிட்டோவில் எத்தனை டேப், எத்தனை ஜன்னல் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் குக்கி (நம்மை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் விட்டுவைக்கிற குறிப்பு) மூட்டை ஒன்றுதான். கடைசி இன்காக்னிட்டோ ஜன்னலையும் மூடினால்தான் அது அழியும். கீழே டாஸ்க்பாரில் இன்னொன்று சுருங்கிக் கிடந்திருக்கும், பாருங்கள்.

க்ரோமிலேயே கெஸ்ட் மோட் என்று, வந்துபோகிறவர்களுக்கான தனி ஜன்னல் ஒன்று உண்டு. கடைக்கு அதுதான் சரி. யாராவது மெயிலில் நுழைந்தால் பிரவுசரே அவர் கணக்கோடு ஒட்டிக்கொள்கிற வம்பு அதில் கிடையாது. ஆனால் என்னைக் கேட்டால் க்ரோமையே தூக்கிவிட்டு ஃபயர்பாக்ஸ் போடுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்பதையும் நிறுத்திவிடுங்கள். இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் தகவலையும் சேர்த்தார்கள் என்று 2020-இல் கூகுள் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024-இல் பழைய பதிவுகளை அழிப்பதாக ஒத்துக்கொண்டுதான் கூகுள் சமரசத்துக்கு வந்தது. பெரிய திருட்டு அங்கேதான் நடக்கிறது.

கீழக்கரை காக்கா:
தம்பி, அவர் கேட்டது பக்கத்து நாற்காலிக்காரன் பார்த்துவிடக் கூடாதே என்று. நீ அமெரிக்கா கோர்ட்டுக்குப் போய்விட்டாய். நான் என்ன சோப்பு வாங்குகிறேன் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டுமே.

அப்புறம் பாஸ்வேர்டைச் சேமிக்காதே என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதே. கடைக்கு அது சரி, வீட்டுக்கு இல்லை. கரண்ட் பில் பாக்கி, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று எங்கள் வீட்டுக்கு ஒரு மெசேஜ். லிங்கைத் தொட்டால் அச்சு அசலாக அதே பக்கம். ஆனால் வழக்கமாகத் தானே நிரப்புகிற பாஸ்வேர்டு அன்றைக்கு நிரம்பவில்லை. "என்னங்க, இன்றைக்கு இது எழுத மாட்டேங்குதே" என்று மனைவி போனை நீட்டினாள். மேலே முகவரியைப் பார்த்தால் நடுவில் ஒரு எழுத்துக் கூடுதல். நம் கண் ஏமாந்துவிடும், பிரவுசர் அந்த முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுத்தான் நிரப்பும். பாஸ்வேர்டு நோட்டுப் புத்தகத்தில் இருந்திருந்தால் அவளே தட்டிக் கொடுத்திருப்பாள்.

கச்சான்:
அந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன் காக்கா, எனக்கே இது தோன்றவில்லை. ஆனால் போனுக்கு லாக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போனை எடுத்தவன் கையில் மொத்தச் சாவிக்கொத்தும் போய்விடும்.

சோப்பு விஷயத்துக்கு வருகிறேன். அப்பா அவுட்போர்டு எஞ்சினுக்குக் கடன் கிடைக்குமா என்று ஒரே ஒரு நாள்தான் தேடினார். அதன்பிறகு சமையல் பக்கம், செய்திப் பக்கம், தங்கை பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பக்கம், எங்கே போனாலும் உடனடிக் கடன் விளம்பரம். பணமுடையில் இருக்கிறவன் கண்ணில் ஒரு மாதம் அதையே ஆட்டிக்கொண்டிருந்தால் எங்கேயாவது ஒரு நாள் தொட்டுவிடுவானா மாட்டானா? இதற்கு வழி விடுவது மூன்றாம் ஆள் குக்கி, அதாவது நாம் பார்க்கிற தளம் இல்லாமல், அதில் விளம்பரம் போடுகிறவன் வைக்கிற குக்கி. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 2020-இலேயே அதை முழுக்க அடைத்துவிட்டது. ஃபயர்பாக்ஸில் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிக்கும் தனித்தனிக் கூடை. நெத்திலிக் கூடைக்குள் இறாலைப் போட முடியாது. க்ரோம் இரண்டு வருஷத்தில் நிறுத்துகிறோம் என்று 2020-இல் சொன்னது, 2024-இல் நிறுத்தவில்லை என்று பின்வாங்கிவிட்டது. செட்டிங்ஸில் போய் நாமேதான் அடைக்க வேண்டும்.

மூக்கையூர்க்காரி:
ரெண்டு பேரும் கம்ப்யூட்டரையே பேசுகிறீர்கள். எங்களிடம் இருப்பது போன் மட்டும். வீட்டுக்காரர் நாட்டுப்படகு. விடிகாலை மூணு மணிக்குக் காற்று எப்படி என்று பார்த்துத்தான் கிளம்புவார். கரையில் சிக்னல் ஒரு கோடு, சில நாள் அதுவும் இல்லை. காற்றுப் படம் வருவதற்கு முன்னால் வீடியோ விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இவர் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மணலில் நிற்பார்.

போனில் க்ரோமுக்கு எக்ஸ்டென்ஷன் போட முடியாது, ஃபயர்பாக்ஸுக்கு முடியும் என்று தம்பி சொல்லி, யூபிளாக் ஆரிஜின் என்று விளம்பரத்தைத் தடுக்கிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். இப்போது படம் சட்டென்று வருகிறது, டேட்டாவும் மிச்சம். எனக்கு இது அந்தரங்கம் இல்லை, நேரம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பக்கம் ஒவ்வொரு தடவையும் இருக்கும் இடத்தைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

கச்சான்:
கொடுக்காதீர்கள் அக்கா. ஊர்ப் பெயரைத் தட்டினாலே காற்று தெரியும்.

கீழக்கரை காக்கா:
மூணு மணி இருட்டில், ஈரக் கையோடு ஊர்ப் பெயர் தட்டச் சொல்கிறாயே! இந்த முறை மட்டும் என்று ஒரு பொத்தான் வரும் தங்கச்சி, அதைத் தொடு. நோட்டிஃபிகேஷன் அனுப்பவா என்று கேட்டால் மட்டும் எந்தப் பக்கமாக இருந்தாலும் மறுத்துவிடு. ஒரு தரம் சரி சொன்னால் லாட்டரி, வைரஸ் வந்துவிட்டது என்று இரவெல்லாம் கத்தும்.

தங்கச்சிமடம் கடை:
கச்சான் சொன்னது சரி. இன்னொரு ஜன்னல் சுருங்கிக் கிடந்தது. நாலு கம்ப்யூட்டரிலும் கெஸ்ட் மோட் போட்டு, ஒவ்வொரு ஆள் எழுந்ததும் நானே எல்லா ஜன்னலையும் மூடுகிறேன்.

அதைச் செய்யும்போதுதான் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். தலை சுற்றிவிட்டது. ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பிறப்புச் சான்றிதழ் என்று ஊரே அதற்குள் படுத்திருக்கிறது. ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டுதான். ஆனால் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தானே அது. எங்கள் ஊரில் யார் பெயர் யாருக்குத் தெரியாது?

கச்சான்:
இன்காக்னிட்டோவும் சரி, கெஸ்ட் மோடும் சரி, இறக்கிய ஃபைலைத் தொடாது அண்ணே. தினமும் கடை சாத்தும்போது ஷிஃப்ட் டெலீட்டில் அழியுங்கள். சும்மா டெலீட் அடித்தால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும். இனி ஆதார் இறக்கும்போது கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க் வகை செல்லுகிற இடத்துக்கு அதையே எடுத்துக் கொடுங்கள்.

தங்கச்சிமடம் கடை:
நேற்றிரவு எல்லாவற்றையும் அழித்தேன். இன்று காலை பத்து மணிக்கு ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) வந்து, "தம்பி, போன மாசம் என் பட்டாவை இறக்கினாயே, அதில் ரெண்டு காப்பி போடு, பேங்கில் ஆள் நிற்கிறான்" என்கிறார். இல்லை என்றேன். "நம்பித்தானே உன்னிடம் வைத்திருந்தேன்" என்று கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

கீழக்கரை காக்கா:
அவருக்கு ஒரு பென்டிரைவ் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

தங்கச்சிமடம் கடை:
சொன்னேன் காக்கா. அதையும் நீயே வைத்திரு என்றார்.