லாட்ஜ்ல ஆதார் ஜெராக்ஸ் குடுத்தே ஆகணுமா?

சைக்கிள்சாமி:
போன வாரம் குடும்பத்தோட கும்பகோணம் போயிருந்தோம், ராத்திரி பதினோரு மணி, பொண்ணு தோள்ல தூங்குறா, லாட்ஜ்ல ஐடி கேட்டாங்கன்னு மாஸ்க்டு ஆதார் எடுத்து நீட்டுனேன். முதல் 8 நம்பர் மறைஞ்சு கடைசி 4 மட்டும் தெரியுமே, ஆதார் வெப்சைட்லயே டவுன்லோட் பண்ணது. "சார் இதெல்லாம் செல்லாது, ஃபுல் நம்பர் வேணும்"ங்கறார். கடைசில ஒரிஜினல் கார்ட வாங்கி அவரோட சொந்த போன்லயே போட்டோ புடிச்சுக்கிட்டார்! ரூம காலி பண்ணும்போது டெலீட் பண்ணீங்களான்னு கேட்டா சிரிக்கறார். இத யாரும் கேக்க மாட்டீங்களா?

பழைய ரிசப்ஷன்:
14 வருஷம் லாட்ஜ் கவுன்டர்ல உக்காந்தவன் சொல்றேன், கோவப்படாதீங்க. ரூம்ல ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா போலீஸ் வந்து மொதல்ல கேக்கறது ரிஜிஸ்டரும் ஐடி காப்பியும்தான். பாதி எக்ஸ் எக்ஸ்னு இருக்கற பேப்பர காட்டுனா திட்டு வாங்கறது ஓனர் இல்ல, நாங்கதான். உங்க நம்பர வச்சு நாங்க என்ன சார் பண்ணப்போறோம்? பிடிக்கலன்னா லைசென்ஸ் குடுங்க, வோட்டர் ஐடி குடுங்க, யார் வேணாம்னா? ஆனா சொந்த போன்ல போட்டோ எடுத்தது தப்பு, அத நான் சப்போர்ட் பண்ணல.

நெல்லைக்காரி:
அண்ணே, உங்க கஷ்டம் புரியுது, ஆனா 2018 செப்டம்பர்லயே சுப்ரீம் கோர்ட் தனியார் கம்பெனிங்க ஆதார வச்சு ஆள சரிபாக்கறதுக்கு வழிவிட்ட சட்டப்பகுதிய தூக்கிருச்சே. 2022 மே மாசம் ஆதார் ஆணையத்தோட பெங்களூரு ஆபீஸ்ல இருந்தே ஒரு அறிவிப்பு வந்துச்சு, கண்டவங்ககிட்ட ஜெராக்ஸ் குடுக்காதீங்க, மாஸ்க்டு குடுங்க, லைசென்ஸ் இல்லாத ஓட்டல், சினிமா தியேட்டர்லாம் காப்பி வாங்கி வச்சுக்கவே கூடாதுன்னு.

பழைய ரிசப்ஷன்:
மீதியையும் சொல்லும்மா. ரெண்டு நாள்ல வாபஸ் வாங்கிட்டாங்க. ஜனங்க தப்பா புரிஞ்சுக்குவாங்களாம், வழக்கமான ஜாக்கிரதையோட இருந்தா போதுமாம். சொன்னவங்களே பின்வாங்கிட்டா கவுன்டர்ல இருக்கறவன் எத நம்பறது?

டவுட் தாமு:
எதுக்கு இவ்ளோ சீன்னு புரியல. சிம் கார்டுக்கு குடுத்தாச்சு, கேஸுக்கு, பேங்குக்கு, புள்ள ஸ்கூலுக்கு எல்லாம் குடுத்தாச்சு, லாட்ஜ்காரன்கிட்ட மட்டும் ரகசியமா? மடில கனமில்லன்னா வழில பயமில்ல. வெறும் 12 நம்பர வச்சு ஒருத்தன் என்னத்த புடுங்கிருவான்?

நெல்லைக்காரி:
எங்க சித்திக்கும் மடில கனமில்லதான், இருந்த பத்தாயிரமும் போச்சு. ஊர்ல கைரேகை வச்சு பணம் எடுக்கற சின்ன மிஷின் இருக்குல்ல, அதுக்கு ஏடிஎம் கார்டு வேணாம், பின் வேணாம், ஓடிபியும் வராது. ஆதார் நம்பர், எந்த பேங்க், விரல் ரேகை, இந்த மூணுதான். ரேகைய பத்திரப்பதிவு பேப்பர்ல இருந்து காப்பி அடிச்சு ரப்பர் மாதிரி செஞ்சு எடுத்த கேஸ்லாம் போலீஸே புடிச்சிருக்காங்க. சித்தி ரேகை எங்க இருந்து போச்சுன்னு இன்னிவரைக்கும் தெரியல, காலைல மெசேஜ் வந்தது மட்டும்தான் தெரியும். சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் அடிச்சோம், அலைஞ்சோம், அது தனி கதை. நம்பர நாமளே ஊரெல்லாம் ஜெராக்ஸ் போட்டு குடுத்துட்டோம்னா மூணுல ஒன்னு அவனுக்கு ரெடி. ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக்னு இருக்கு, போட்டா நாம திறக்கறவரைக்கும் நம்ம ரேகை எங்கயும் செல்லாது, ஓசிதான், போட்டு வைங்க.

டவுட் தாமு:
சரி, சித்தி விஷயம் தெரியாம பேசிட்டேன், சாரிங்க. ஆனா அந்த லாக்க எங்கம்மாவுக்கு போட்டுப் பாத்தவன் நான். அடுத்த வாரம் ரேஷன் கடைல விரல் வச்சா மிஷின் எடுக்கல, பின்னாடி கியூல நிக்கறவங்க கத்தறாங்க, அம்மாவுக்கு பட்டன் போன், நான் திருப்பூர்ல. அப்புறம் லாக்க நான் இங்கருந்து எடுத்துவிட்டு அவங்க திரும்ப கியூல நின்னாங்க. இந்த பாதுகாப்பெல்லாம் ஸ்மார்ட்போன் வச்சிருக்கறவனுக்குதான்.

சைக்கிள்சாமி:
இது நியாயமான பாயின்ட்.

கலர் பிரிண்ட்:
ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், ஒன்னு சொல்லட்டுமா? லாட்ஜ்காரர போட்டு தாக்கறீங்க, நீங்க எல்லாரும் ஆதார் பிடிஎஃப்ப என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி "அண்ணே ரெண்டு காப்பி"ன்னு சொல்லிட்டு போறவங்கதான. அதுக்கு பாஸ்வேர்டு என்ன, பேரோட முதல் நாலு எழுத்து இங்கிலீஷ்ல கேப்பிட்டல்ல, அப்புறம் பிறந்த வருஷம். அதையும் நீங்களே மெசேஜ்ல போட்டுர்றீங்க. மாஸ்க்டு வேணும்னு சொல்லி பிரிண்ட் எடுத்தவர் இதுவரைக்கும் நாலு பேர் இருந்தா ஜாஸ்தி.

சைக்கிள்சாமி:
அண்ணே... அந்த மாஸ்க்டு பிரிண்ட்ட நானும் ஜெராக்ஸ் கடைலதான் எடுத்தேன். ஃபுல் நம்பர் ஃபைலும் சேத்தே அனுப்பிருக்கேன், இப்பதான் பாத்தேன்.

பழைய ரிசப்ஷன்:
😂😂 தம்பி, அந்த லாட்ஜ்காரர்கிட்ட ஒரு சாரி சொல்லிருங்க.

நெல்லைக்காரி:
கலர் பிரிண்ட் அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல அதெல்லாம் இன்னும் இருக்கா?

கலர் பிரிண்ட்:
நீங்க கேட்டப்புறம்தான் டவுன்லோட் ஃபோல்டர தொறந்தேன். 2019ல இருந்து இருக்கும்மா. ஆதார், பான், ஒருத்தரோட வில்லங்க சர்டிபிகேட் கூட இருக்கு. கோணலா விழுந்த பிரிண்ட எல்லாம் வெட்டி பின்பக்கம் கணக்கு எழுத வச்சிருக்கேன், அது ஒரு கட்டு. இன்னிக்கு கடைய சீக்கிரம் சாத்திட்டு டெலீட் பண்ண உக்காந்திருக்கேன்.

நெல்லைக்காரி:
ரீசைக்கிள் பின்லயும் பாருங்கண்ணே.