ஒப்பு அணு நிறையா, சார் அணுத்திணிவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

தமிழ்நாடு, இலங்கை இரண்டுக்கும் பொதுவான நம் நூலின் அணு அமைப்புப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐசோடோப்புக்கு (ஒரே தனிமத்தின், நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் அணுக்கள்) எந்தச் சொல் என்பதிலேயே நம் மடல் இழை நீண்டுகொண்டிருக்கிறது. பாடத்தின் அடுத்த பத்தியில் இருக்கும் பெரிய சிக்கலை, அதாவது relative atomic mass என்பதை ‘ஒப்பு அணு நிறை’ என்பதா, இலங்கை வழக்கில் ‘சார் அணுத்திணிவு’ என்பதா என்பதை, இன்னும் நாம் முடிக்கவில்லை.

முதலில், ஐசோடோப்புக்கு முன்வைக்கப்பட்ட ‘ஓரிடத்தான்’. உயர்திணை ஆண்பால் விகுதியை அணுவுக்குப் போடலாமா என்று நம் குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். ஓணான், தட்டான், பூரான் எல்லாம் அஃறிணைதானே? சங்கப் பாடல்களில் நண்டுக்கே ‘அலவன்’ என்று பெயர். விகுதி ஒரு தடையில்லை. பொருளும் பொருந்துகிறது. ஐசோடோப் என்பது 1913-இல் வேதியியலாளர் சாடி வெளியிட்ட பெயர், மருத்துவர் மார்கரெட் டாட் எடுத்துக்கொடுத்தது. கிரேக்கத்தில் ‘அதே இடம்’. தனிம அட்டவணையில் ஒரே கட்டத்தில் அமர்பவை என்று கருத்து. இலங்கையின் ‘சமதானி’யும் அந்த வழியில் வந்ததே.

ஆனாலும் என் வாக்கு ‘ஐசோடோப்பு’ என்ற சொல்லுக்குத்தான். அதன் ஆங்கில வடிவில் (isotope) p-ஐ மட்டும் நியூட்ரானுக்காக n என்று மாற்றித்தான் ஐசோடோன் (நியூட்ரான் எண்ணிக்கை ஒன்றாக உள்ள வெவ்வேறு தனிம அணுக்கள்) பிறந்தது. ஓரிடத்தானை வைத்துக்கொண்டு அந்த உறவை எப்படிக் காட்டுவது?

சரி, இப்போது ‘நிறை’. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு நிறை, புவி அதை இழுக்கும் விசை எடை. இலங்கையில் முன்னது திணிவு, பின்னதுதான் நிறை. “நிலாவுக்குப் போனால் நிறை மாறுமா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கரை மாணவர் மாறாது என்பார், மறுகரை மாணவர் ஆறில் ஒரு பங்காகக் குறையும் என்பார். இருவருக்கும் முழு மதிப்பெண் போட வேண்டும்! ஒரே நூல் இரு கரைக்கும் போகும்போது இதை எப்படி விடுவது?

‘திணிவு’ என்றால் அடர்த்தி என்றுதான் காதில் விழுகிறது என்று குழுவில் அம்மா ஒருவர் எழுதியிருந்தார். ‘மண் திணிந்த நிலன்’ என்ற புறநானூற்று அடியையும் காட்டினார். வலுவான வாதம்தான். ஆனால் அடர்த்திக்கு அடர்த்தி என்ற சொல்லே நிலைத்துவிட்டதால், திணிவை எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

relative என்பதற்கு ‘சார்’ வேண்டாம், ‘ஒப்பு’ இருக்கட்டும். 1961 முதல் ஒரு தனிமத்தின் அணு நிறையைக் கார்பன்-12 அணுவின் நிறையில் பன்னிரண்டில் ஒரு பங்கோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம். ஒப்பீடு என்பதால்தான் அலகே கிடையாது. ‘ஒப்பு’ என்றதும் அது விளங்கிவிடுகிறது.

‘சராசரி’யையும் பெயரில் சேர்க்கச் சொன்ன நண்பரின் கவலை எனக்குப் புரிகிறது. இயற்கைக் குளோரினில் நூற்றுக்கு ஏறத்தாழ 76 அணுக்கள் குளோரின்-35, மீதி குளோரின்-37. அட்டவணையில் இருப்பதோ 35.45. அந்த மதிப்புடைய ஒற்றைக் குளோரின் அணு எங்குமே இல்லை. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆனால் இதைப் பெயருக்குள் திணித்தால் சொல் வாயில் நுழையாது. வரையறையில் சொல்வோம், குளோரின் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுவோம்.

என் விருப்பம் ‘ஒப்பு அணுத்திணிவு’. பெரும்பாலோர் ‘ஒப்பு அணு நிறை’ என்கிறீர்கள். நேரமில்லை, அப்படியே போகட்டும். ஆனால் சொல் முதலில் வரும் இடத்தில் ‘சார் அணுத்திணிவு’ என்று அடைப்புக்குறிக்குள் வந்தே ஆகவேண்டும். அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.