புதுப்பிப்பு: உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

ஆறு மாதமாக உடம்பு முழுக்க வலி, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூட்டுவாத மருத்துவரைப் பார்த்தேன், ஃபைப்ரோமயால்ஜியா என்றார். இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. 3 மாதத்துக்கு மேல் பரவலான வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி இவற்றை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வலியை நரம்பும் மூளையும் கூட்டிக் காட்டுகின்றன என்று அவர் விளக்கியபோது அழுதுவிட்டேன். 'எல்லாம் உன் பிரமை' என்று அவ்வளவு கேட்டிருக்கிறேன்.

இரவில் போட அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை (வலியைக் குறைத்துத் தூக்கத்துக்கு உதவுவது) 10 மி.கி. தந்திருக்கிறார். அப்புறம் நடை: முதலில் தெருமுனை வரை 5 நிமிடம், இப்போது 20. தெம்பான நாளில் வீடு முழுக்கத் துடைத்தால் மறுநாள் படுக்கைதான், அதனால் நாளுக்கு ஓர் அறை. வலி போகவில்லை. ஆனால் நேற்று இட்லி மாவுக் குண்டானை நானே தூக்கி வைத்தேன்.